நண்டுக்கு விலை வைப்பது யார்?

கேள்வி: முதுகலை இலக்கியம் படிக்கிறேன். உலக இலக்கியம் பற்றிய வகுப்பில் கதை, கவிதையைவிடக் களம், மூலதனம், மையம், விளிம்பு என்ற சொற்களே அதிகம் வருகின்றன. இலக்கியத்துக்குள் சமூகவியல் இவ்வளவு தூரம் நுழைந்தது எப்படி? எங்கள் கரையின் எழுத்தைப் புரிந்துகொள்ள அது உதவுமா?
- ஒரு வாசகி, மண்டபம்

பதில்: உங்கள் ஊரிலிருந்தே தொடங்கலாம். பாக் நீரிணையில் வலைபோட்டுப் பிடிக்கும் நீலக்கால் நண்டை வேகவைத்து, பெண்கள் உட்கார்ந்து ஓட்டை உடைத்துச் சதையைத் தரம் பிரித்துத் தர, அது அமெரிக்காவுக்குப் போகிறது. நண்டின் ருசி கடல் கொடுத்தது. ஆனால் கரையில் எடை போடும்போது சொல்லப்படும் விலையில் அந்தத் தொலைதூரச் சந்தையின் கை இருக்கிறது. நூல்களுக்கும் இப்படி ஒரு சந்தை உண்டா என்று கேட்கக் கற்றுக்கொடுத்ததுதான் சமூகவியல்.

1827-இல் உலக இலக்கியம் பற்றிப் பேசிய ஜெர்மன் கவிஞர் கேதே, அதைப் பெரும்பாலும் நாடுகளுக்கிடையிலான கொடுக்கல் வாங்கலாகவே கண்டார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியு 1992-இல் வெளியிட்ட 'கலையின் விதிகள்' நூலில், எழுத்தாளர், பதிப்பாளர், விமர்சகர், பரிசுக்குழு எல்லோரும் இடம்பிடிக்கப் போட்டியிடும் ஒரு களமாக இலக்கியத்தை விவரித்தார். அங்கே பணத்தைப் போலவே மதிப்பும் ஒரு மூலதனம். அந்தக் களத்தை உலக அளவுக்கு விரித்தவர் பிரெஞ்சு இலக்கிய விமர்சகர் பாஸ்கல் கசனோவா. 1999-இல் வந்த அவருடைய நூலின்படி, இலக்கிய உலகுக்கும் ஒரு தலைநகரம் இருந்தது, அது பாரிஸ். அயர்லாந்துக்காரரான ஜாய்ஸின் 'யுலிசிஸ்' 1922-இல் நூலாக வெளிவந்தது டப்ளினிலோ லண்டனிலோ அல்ல, பாரிஸில்தான் என்பதை நினைத்தால் அவர் சொல்வது விளங்கும்.

இத்தாலிய இலக்கிய ஆய்வாளர் பிராங்கோ மொரெட்டி 2000-இல் எழுதிய கட்டுரையில், அமெரிக்கச் சமூகவியலாளர் வாலர்ஸ்டைனின் உலக அமைப்புக் கோட்பாட்டிலிருந்து, செல்வம் குவியும் மையம், அதைச் சார்ந்து நிற்கும் விளிம்பு என்ற பிரிவினையை எடுத்துக்கொண்டார். விளிம்பு நாடுகளின் நாவல், மேற்கத்திய வடிவத்துக்கும் உள்ளூர் வாழ்க்கைக்கும் இடையே ஏற்படும் சமரசம் என்பது அவர் வாதம். 1879-இல் வந்த, தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில் நாவல் என்ற சட்டகத்துக்குள் கிளைக்கதைகளும் நீதிக்கதைகளும் முண்டியடித்து நிற்பதைப் பார்த்தால், அவர் சொல்வதை முழுக்கத் தள்ள முடியாது. ஆனால் அந்த முண்டியடிப்பில் இருக்கும் சுகத்தைச் 'சமரசம்' என்ற சொல் எனக்குச் சொல்லித் தரவில்லை.

என் பெரிய மறுப்பு வேறு. பாரிஸை மையமாக வைத்த இந்த வரைபடத்தில், முஸ்லிம் கடல்வணிகர்களின் பழைய துறைமுகமான நம் கீழக்கரை இல்லை. யூத அறிஞர் ஒருவர் நபிகளிடம் கேட்ட வினாக்களாக அரபியில் அமைந்த ஒரு நூல், 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனது. தமிழில் 1572-இல் வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா'வாகப் பாட்டு வடிவம் பெற்றது. மலாயிலும் ஜாவா மொழியிலும் வழங்கியது. இந்தப் பயணத்துக்குப் பாரிஸின் முத்திரை தேவைப்படவில்லை. கப்பலும் வணிகரும் ஓதுவோரும் போதுமாக இருந்தார்கள். கீழக்கரைச் சீதக்காதி உமறுப்புலவரை ஆதரித்ததும் அந்தக் கடல்வணிக உலகத்துக்குள்தான். புரவலர், வணிகம், மதக்கல்வி என்று இதையும் சமூகவியலைக் கொண்டே ஆராயலாம் என்பதுதான் வேடிக்கை. மாற்ற வேண்டியது கருவியை அல்ல, அதை நாட்டும் இடத்தை. தேர்வுக்குக் கசனோவாவை எழுதுங்கள். ஆய்வேடு எழுதும் நாள் வந்தால், மண்டபத்திலிருந்து கீழக்கரைக்குப் பேருந்து இருக்கிறது.