கருப்பின் கடைசிப் பக்கங்கள்: இந்திரா சௌந்தர்ராஜன் நினைவில் கேள்வி பதில்

மர்ம நாவலாசிரியர் இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பர் 10ஆம் திகதி மதுரையில் காலமானார். இன்னும் 3 நாட்கள் இருந்திருந்தால் அவருக்கு 66 வயது நிறைந்திருக்கும். யாழ்ப்பாணத்தில் எங்கள் வாசிகசாலையில் அவருடைய நூல்கள் இருக்கும் அலுமாரியின் மேல் ஒரு கொப்பியை வைத்து, கேட்க விரும்புவதை எழுதும்படி வாசகர்களிடம் சொல்லியிருந்தார்கள். நெடுங்காலம் வாசிகசாலையைப் பார்த்து வந்தவன், அவருடைய எழுத்தைத் தொடர்ந்து படித்தவன் என்ற காரணத்தால் பதில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

கேள்வி (கொக்குவில், உயர்தர மாணவி): சேர், பெயரைப் பார்த்துப் பெண் எழுத்தாளர் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் எழுதியவை பேய்க்கதைகள் மட்டும்தானா?

நீங்கள் மட்டுமல்ல பிள்ளை, எங்கள் வாசிகசாலையின் பழைய பதிவேட்டிலேயே ஒருவர் அவரைப் பெண் எழுத்தாளர் பட்டியலில் எழுதி வைத்திருக்கிறார். அவர் சேலத்தில் 1958இல் பிறந்து மதுரையில் வாழ்ந்தவர். சௌந்தர்ராஜன் என்பது இயற்பெயர், முழுப்பெயர் புனைபெயர். மறுபிறவி, சித்தர்கள், கோயில் இரகசியங்கள், காவல் தெய்வத்தின் தண்டனை, பாழடைந்த பங்களா என்று அவர் தொட்டவை பல. மாதத்துக்கு இரண்டு மூன்று மாத நாவல்கள் எழுதிய காலமும் உண்டு. ஆயினும் வெறும் பேய் அவருக்குப் போதவில்லை என்பதே என் எண்ணம். பேய் வந்தால் அது எதற்காக வந்தது, யார் செய்த எந்தக் குற்றத்தைக் கேட்க வந்தது என்ற கணக்கு அவருக்கு வேண்டியிருந்தது.

கேள்வி (சாவகச்சேரி, ஓய்வுபெற்ற தாதி): அவர் எழுதிய ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடர் பற்றி இந்தியாவில் எல்லோரும் சிறுவயது நினைவாகப் பேசுகிறார்கள். எங்களுக்கு அப்படியொரு நினைவே இல்லையே. நீங்கள் எப்படி அறிந்தீர்கள்?

நமக்கு அந்த நினைவு இல்லாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும் அக்கா. சன் தொலைக்காட்சி 1993இல் தொடங்கியபோது யாழ்ப்பாணத்தில் போரால் மின்சாரம் நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரித்து, நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தமிழ்நாட்டு வீடுகளில் சிறுவர்களைப் போர்வைக்குள் ஒளிய வைத்த காலத்தை ஒட்டித்தான், வலிகாமத்துச் சனங்கள் போரால் இடம்பெயர்ந்து 1995 ஒக்டோபர் 30 இரவு மழைக்குள் உங்கள் ஊரை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். தொடர்களைப் பார்க்கும் வாய்ப்பு எங்கே?

ஆகவே நான் அவரை முதலில் காகிதத்தில்தான் சந்தித்தேன். வீடு திரும்பியபின், 1997இல், உறவினர் ஒருவர் கொழும்பிலிருந்து வரும்போது பயணப் பெட்டியின் அடியில் ஒரு கட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். சஞ்சிகையில் வந்த ‘விட்டுவிடு கருப்பா’ தொடர்கதையின் பக்கங்களை யாரோ பொறுமையாகக் கிழித்தெடுத்து, தடித்த நூலால் தைத்து, சீமெந்துப் பையின் தாளால் அட்டை போட்டிருந்தார்கள். ஒவ்வொரு பக்கத்தின் மறுபுறத்திலும் பாதி விளம்பரமோ வேறொருவரின் கதையின் வாலோ இருக்கும். ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கில் அதைப் படித்தேன். அந்த விளக்கில் ஒரு நேரத்தில் ஏறத்தாழ கால்பக்கம்தான் தெளிவாகத் தெரியும். மிச்சம் இருட்டில் இருக்கும். அடுத்த பத்தியில் என்ன நிற்கிறது என்று தெரியாமல் விளக்கை மெல்ல நகர்த்தி நகர்த்தி வாசிப்பதைவிடச் சிறந்த முறையில் ஒரு திகில் நாவலை வாசிக்க முடியாது என்று இன்றும் நம்புகிறேன்.

கதை முடிவை அறிய விரும்பாதவர்கள் அடுத்த பத்தியை விட்டுவிடலாம்.

அந்தக் கட்டுப் புத்தகத்தில் கடைசிப் பக்கங்கள் இல்லை. கறையான் தின்றதோ, தைத்தவருக்கே கிடைக்கவில்லையோ தெரியாது. தவறு செய்தவர்களைக் குதிரையில் வந்து தண்டிப்பவர் காவல் தெய்வமான கருப்புசாமிதான், அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்ற தீர்மானத்துடன் நான் பல ஆண்டுகள் இருந்துவிட்டேன். பின்னர் அதன் தொலைக்காட்சி வடிவமான ‘விடாது கருப்பு’ இறுவட்டுகளில் கிடைத்தபோதுதான், கருப்பாக வந்தது ஒரு மனிதனுக்குள் இருந்த இன்னோர் ஆளுமை என்ற உளவியல் விளக்கத்தைக் கண்டேன். ஏமாற்றப்பட்டதாகத்தான் முதலில் தோன்றியது. மறுபடியும் கட்டுப் புத்தகத்தை எடுத்து வாசித்தபோது, அந்த விளக்கத்துக்கான இழை ஆரம்பத்திலிருந்தே உள்ளே ஓடிக்கொண்டிருந்ததும், தெய்வம் என்று நம்ப விரும்பிய நான் அதன்மேல் கால் வைத்துத் தாண்டித் தாண்டிப் போயிருந்ததும் தெரிந்தன.

கேள்வி (நல்லூர்): கருப்புசாமி நம் பக்கத்துத் தெய்வம் அல்லவே. தெரியாத தெய்வத்திடம் நமக்கு எப்படிப் பயம் வந்தது?

யாழ்ப்பாணத்தில் கருப்பரை அறிந்தவர்கள் குறைவு என்பது சரி. ஆனால் வைரவரை அறியாத ஒழுங்கை இல்லை. ஆல மரத்தின் கீழோ வேப்பமரத்தின் கீழோ ஒரு சூலம், அதற்கு ஒரு வடைமாலை, பக்கத்தில் எப்போதும் ஒரு நாய். பொய்ச் சத்தியம் செய்தவன் அந்த ஒழுங்கையால் போகமாட்டான் என்ற நம்பிக்கை. கோட்டைக்கு அருகே முனியப்பர் இருக்கிறார். ஊர் எல்லையில் நின்று கணக்குக் கேட்கும் தெய்வம் என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. மதுரைப் பக்கத்தில் அது குதிரையில் வருகிறது, இங்கே நாயுடன் வருகிறது. அந்த நாவலில் குளம்பொலி கேட்கும் இடங்களையெல்லாம் நான் நாயின் ஊளையாகவே கேட்டேன்.

‘மர்மதேச’த்தின் ‘ரகசியம்’ பகுதியும் அப்படியே. நவபாஷாண லிங்கமும் சித்தர்களும் பிற இடத்து வாசகருக்கு விசித்திரமாக இருந்திருக்கலாம். நல்லூர்த் தேரடியில் பித்தரைப்போல் இருந்த செல்லப்பா சுவாமியையும், 1964இல் மறைந்த யோகர் சுவாமியையும் பற்றித் தாய் தகப்பன் சொல்லக் கேட்டு வளர்ந்த உங்கள் ஊருக்குச் சித்தர் என்பவர் அடுத்த தெருக்காரர் அல்லவா?

கேள்வி (இணுவில்): உண்மையான பயத்தைப் பார்த்த நமக்குக் கதைப் பயம் எதற்கு? அந்தக் காலத்தில் இவற்றை வாசிக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

இதே கேள்வியை என் மனைவி அந்த நாட்களில் விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டதுண்டு. மண்ணெண்ணெய் வீணாகிறதே என்பதுதான் அதில் பெரிய பங்கு. எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்கிறேன். எறிகணை எவர் வீட்டில் விழும் என்பதற்கு எந்தக் கணக்கும் இருக்கவில்லை. நல்லவர் வீட்டிலும் விழுந்தது, கோயிலிலும் விழுந்தது. இந்திரா சௌந்தர்ராஜனின் கதையில் சாகிறவனுக்கு ஒரு காரணம் இருக்கும். முன்பு எப்போதோ யாரையோ ஏமாற்றியிருப்பான், நகையைத் திருடியிருப்பான். அப்படியொரு ஒழுங்கு உள்ள உலகத்தில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டு வருவது எனக்கு ஆறுதலாக இருந்தது. 2010இல் நாகா இயக்க, எழுத்துப் பணியில் இவரும் பங்கேற்ற ‘ஆனந்தபுரத்து வீடு’ படத்தில் ஆவிகளாக இருப்பவர்கள் பிள்ளையையும் குடும்பத்தையும் காக்கும் தாய் தகப்பன். வீட்டையும் வளவையும் விட்டு ஓடி, திரும்பி வந்து இடிந்த சுவரைப் பார்த்தவர்களுக்கு அந்தப் படம் திகிலாகவா இருந்திருக்கும்? என் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு பெரியம்மா பாதியில் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

கேள்வி (பருத்தித்துறை): சுஜாதாவின் ‘கொலையுதிர் கால’த்தோடு ஒப்பிட்டால் இவர் ஒரு படி கீழேதான் என்கிறேன். மறுப்பீர்களா?

வசனத்திலும் சொற்சிக்கனத்திலும் மறுக்கமாட்டேன். 2008இல் மறைந்த சுஜாதா, அந்த நாவலில் துப்பறியும் வழக்கறிஞர்களான இருவரில் கணேஷை அறிவியல் பக்கமும் வசந்தை ஆவியின் பக்கமும் நிறுத்தி, வாசகரை நடுவில் விட்டார். ஆனாலும் அவருடைய மனம் ஆய்வுகூடத்தில்தான் இருந்தது என்பதை நாம் உணர்கிறோம். இவருடைய மனம் கோயில் மண்டபத்தில் இருந்தது. அறிவியல் விளக்கம் தருவார், தந்தபின் ஒரு சிறு துணுக்கை விளக்காமல் விடுவார். அந்தத் துணுக்கை நேர்மைக் குறைவு என்று சிலர் சொல்வார்கள்; எனக்கு அதுதான் அவருடைய கையெழுத்து.

கேள்வி (வட்டுக்கோட்டை, ஆசிரியர்): மூடநம்பிக்கையை வளர்த்த எழுத்து என்று சொல்வதில் தவறு உண்டா?

பாதி உண்டு, பாதி இல்லை. பிற்காலத்து நாவல்கள் சிலவற்றில் சந்தேகப்படும் பாத்திரம் சும்மா தோற்பதற்காகவே கதைக்குள் கொண்டுவரப்படுவதை நானும் கண்டு சலித்திருக்கிறேன். மாத நாவல்களின் அவசரமும் தெரியும். ஒரே பங்களாவுக்குப் பெயரை மாற்றிக் குடியிருந்ததுபோல் சில கதைகள். அவரைப் போற்றுவதற்காக அவற்றையெல்லாம் போற்றவேண்டியதில்லை, மாஸ்டர். ஆனால் நல்ல நாவல்களில் நம்புகிறவனுக்கும் நம்பாதவனுக்கும் சமமான வாதம் கொடுத்தார். வகுப்பில் விவாதத்துக்கு ‘விட்டுவிடு கருப்பா’வை வைத்துப் பாருங்கள், பிள்ளைகள் இரண்டாகப் பிரிவார்கள்.

கேள்வி (சுன்னாகம்): முதலில் எதை வாசிக்கலாம்?

‘விட்டுவிடு கருப்பா’. தொடர்கள் யூரியூப்பில் கிடைக்கின்றன. நாவலுக்குப் பிறகு பாருங்கள்.

கேள்வி (கோண்டாவில், இளைஞர்): அவரைப்போல் யாழ்ப்பாணத்தை வைத்து ஒரு திகில் நாவல் எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

அவரைப்போல் எழுதாதீர்கள் தம்பி. அவர் செய்த வேலையைச் செய்யுங்கள். தமிழ்நாட்டு ஊர்களில் வழங்கிய கதைகளையும் கோயில் மரபுகளையும் தேடி எடுத்து, அவற்றின் மேல் கதையைக் கட்டியவர் அவர். நீங்கள் மதுரையின் பங்களாவை நாவற்குழிக்குக் கொண்டுவந்தால் எவரும் பயப்படமாட்டார்கள். உங்கள் அப்பாச்சியிடம் கொத்தி பற்றிக் கேளுங்கள். பிள்ளைப்பேறு நடந்த வீட்டைச் சுற்றும் என்று சொல்லப்பட்ட அந்தப் பேயைக் கலைக்க என்னென்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பயத்துக்குள் பிரசவத்தில் இறந்த பெண்களின் கதை இருக்கிறது.

அத்துடன் ஓர் இரவு பனங்கூடல் ஓரத்தில் தனியே இருந்து பாருங்கள். காற்றே இல்லாத நேரத்தில் ஒரு காவோலை கழன்று, மரத்தோடு உராய்ந்து உராய்ந்து இறங்கும். யாரோ கை ஊன்றி இறங்குவதுபோலவே கேட்கும். பிறகு தரையில் விழும் ஒரு சத்தம். அதற்குப் பிறகு எதுவும் கேட்காது. அந்த எதுவும் கேட்காத நேரத்தை உங்களால் ஒரு பக்கத்துக்கு எழுத முடிந்தால் நாவல் தொடங்கிவிட்டது. ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் இருக்கின்றன. ஊர்வழக்குகளைச் சரிபார்க்க அது உதவும்.

கேள்வி (காரைநகர்): கடைசிப் பக்கங்கள் இல்லாத அந்தக் கட்டுப் புத்தகம் இப்போது எங்கே இருக்கிறது?

வாசிகசாலையில்தான், கீழ்த்தட்டில், இடது மூலையில். அச்சிட்ட முழு நாவல் மேல்தட்டில் இருக்கிறது. விடுபட்ட பக்கங்களைப் பிரதி எடுத்துச் சேர்த்துத் தைக்கலாமா என்று இளையவர்கள் கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு பொடியன் அதை எடுத்துப்போனான். மறுநாள் மைம்மல் பொழுதில் படலையில் நின்று, மிச்சத்தைச் சொல்லும்படி கேட்டான். மேல்தட்டைப் பற்றிச் சொல்லாமல், வந்தவர் யார் என்று அவன் நினைக்கிறான் என்று மட்டும் கேட்டேன்.

“கருப்பர்தான்” என்றான்.

அடுத்த கிழமை சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.