டிஜிட்டல் மயமாக்கினால் நலத்திட்ட ஊழல் குறையுமா?

குறையும், ஆனால் எந்த வகைத் திருட்டு என்பதைப் பொறுத்தது. எனக்குப் பழக்கமான ரேஷன் கடையை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் அதிகம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார்கள். முன்னோருக்குப் படையலிடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் கதவு திறக்கும். ரேஷன் கார்டு மட்டும் ஊர் முகவரியிலேயே இருக்கும். காகிதக் கார்டு காலத்தில், இப்படிப்பட்ட கார்டுக்கு அரிசி போட்டதாகப் பதிவேட்டில் எழுதிவிட்டு மூட்டையை வெளியே தள்ளுவது சுலபம். கேட்க ஆள் ஏது? 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்து, பில் போட்டதும் செல்லுக்கு எஸ்எம்எஸ் போக ஆரம்பித்தபோதுதான் குட்டு உடைந்தது. சென்னையில் இருக்கும் என் அத்தைக்கு, அரிசியும் சீனியும் வாங்கியதாகத் தகவல் வரும். இங்கே வீட்டில் பூட்டு தொங்கும். கடைக்குப் போன் போட்டு ஒரு சத்தம் போட்டார், அதோடு நின்றது. 2020-ல் விரல் ரேகை வந்தபின் இந்த வேலை இன்னும் கஷ்டமாகிவிட்டது.

தராசுத் திருட்டு வேறு. பில்லில் 20 கிலோ, பையில் 18. கேட்டால், "குடோன்ல இருந்து வர்ற மூட்டையே குறையுதுங்க, நான் எங்க போறது?" என்பார் கடைக்காரர். அதில் உண்மையும் உண்டு. 2025-ல் தராசையும் பில் மெஷினையும் இணைத்தார்கள். எடை சரியாக இருந்தால்தான் பில் வரும். குடோனிலும் இதேபோல எடை போட்டுக் கொடுங்கள் என்று ஊழியர்கள் போராடினார்கள். நியாயம்தானே? கடைசி ஆளை மட்டும் மெஷின் கண்காணித்தால், மேலே நடப்பதற்கும் அவன் தலைதான் உருளும்.

நூறு நாள் வேலையில் வருகைக்குப் போட்டோ ஏற்றும் செயலியைக் கொண்டுவந்தார்கள். போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றுகிறார்கள் என்று 2025-ல் மத்திய அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. நம்ம ஆட்களா, கொக்கா!

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆத்தங்குடியில் சிமென்ட்டில் கை வைத்து டைல்ஸ் போடுகிறவர்களுக்கு ரேகை தேய்ந்து போயிருக்கும். மெஷின் ஏற்காது, வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். அப்புறம்தான் கருவிழிப் பதிவு வந்தது. திருடாதவருக்கும் இந்த அலைச்சல் உண்டு என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

வாங்காத சாமானுக்கு எஸ்எம்எஸ் வந்தால் 1967-க்குக் கூப்பிட்டுப் புகார் சொல்லுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் கார்டில் பழைய செல் நம்பரையே விட்டுவைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ரேஷனே வேண்டாம் என்றால் பொருளில்லா அட்டையாக மாற்றிக்கொள்ளலாம்.