ஒழுக்கத்துக்கும் மார்க்கா?

கேள்வி: என் தம்பி ஜகார்த்தாவில் வேலை பார்க்கிறான். பக்கத்து வீட்டுப் பையன் மதரஸாவில் ‘அகீதா அக்லாக்’ (இறைநம்பிக்கையும் நற்குணமும்) என்று ஒரு பாடத்தை விடிய விடிய நெட்டுருப் போடுகிறானாம், ஒழுக்கத்துக்கும் அங்கே பரீட்சையாம். பாடம் நடத்தினால் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வந்துவிடுமா?
- ஒரு வாசகி, காயல்பட்டினம்

பதில்: தம்பி சொல்வது உண்மைதான். இந்தோனேசியாவில் மதரஸா என்றால் நம் பிள்ளைகள் சாயங்காலம் ஓதப் போகிற இடம் மட்டுமல்ல, கணக்கும் அறிவியலும் நடக்கிற முழுப் பள்ளிக்கூடம். 1975-ல் மூன்று அமைச்சர்கள் சேர்ந்து ஆணை போட்டு, பொதுப்பாடம் 70 சதவீதம் இருந்தால் மதரஸா சான்றிதழும் மற்றப் பள்ளிச் சான்றிதழும் சமம் என்றார்கள். மீதி நேரத்தில் குர்ஆன்-ஹதீஸ் (நபிமொழி), ஃபிக்ஹு என்கிற இஸ்லாமியச் சட்டம், இஸ்லாமிய வரலாறு, அரபி, அப்புறம் இந்த அகீதா அக்லாக்.

இந்தத் தனிப் பாடத்தின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. வாய்மையின் சிறப்பை எழுதச் சொன்னால் பையன் எழுதிவிடுவான், பக்கத்துப் பேப்பரைப் பார்த்தாவது!

ஆனால் ஃபிக்ஹு வகுப்பில் வியாபாரம் பற்றி வரும் பகுதி வேறு மாதிரி. கடைத்தெருவில் நபி (ஸல்) தானியக் குவியலுக்குள் கை விட்டபோது விரலில் ஈரம் பட்டது, மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி, அப்படியானால் ஜனங்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே போட்டிருக்கலாமே என்று நபி கேட்டார்கள் அல்லவா, அந்த ஹதீஸைச் சொல்லிவிட்டு ஆசிரியர், “கீறல் விழுந்த உன் பழைய போனை ஆன்லைனில் விற்கிறாய், எந்தப் பக்கத்தைப் போட்டோ எடுப்பாய்?” என்று கேட்டால் போதும். வகுப்பு சிரிக்கும், பிறகு கொஞ்சம் நெளியும். அந்த நெளிச்சல்தான் பாடம்.

அங்கே ‘நேர்மை கேன்டீன்’ என்றும் ஒன்று உண்டு, மதரஸா மட்டுமில்லை, மற்றப் பள்ளிகளிலும். கடையில் ஆள் கிடையாது. தின்பண்டம், விலைப்பட்டியல், காசு போட ஒரு பெட்டி, மீதிச் சில்லறையையும் பிள்ளைகளே எடுத்துக்கொள்ள வேண்டும். பல இடங்களில் நஷ்டமாகி மூடிவிட்டார்கள், எனக்கு அதுதான் வருத்தம், ஏனென்றால் காசு குறைந்த அன்றைக்கே பெட்டியைக் கணக்கு வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போய் எல்லோர் முன்னாலும் கொட்டி, எத்தனை பொட்டலம் போனது, எவ்வளவு வந்தது என்று, யார் பெயரையும் இழுக்காமல், பிள்ளைகளையே கூட்டிக் கழிக்க விட்டிருக்கலாம்.

அந்தப் பையன் பள்ளியில் இப்படிக் கடை இருக்கிறதா, பெட்டியில் எவ்வளவு துண்டு விழுகிறது என்று தம்பியை விசாரிக்கச் சொல்லுங்களேன், எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.