விட்டதைப் பிடிக்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: கொடுங்கையூரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். கணவர் டிரெய்லர் ஓட்டுகிறார், மாதம் 24,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் நாட்டுக்கோழி வளர்க்கிறேன். மாமியார் காலத்துக் கோழியின் வம்சம் அது. போன தை மாதம் சந்தையில் இரண்டு சேவல் வாங்கி விட்டேன். பத்து நாளில் கோழிகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கிக்கொண்டு விழ ஆரம்பித்தன. 17 கோழியில் எட்டு ஒரே வாரத்தில் போய்விட்டன. இப்போது ஏழு பெட்டையும் இரண்டு சேவலும் இருக்கின்றன. ஒரு பெட்டை 11 முட்டையோடு அடையில் உட்கார்ந்திருக்கிறது. விட்டதைப் பிடிக்க, சங்கிலியை அடகு வைத்து 60,000 ரூபாய் வாங்கி, 100 குஞ்சு விடலாம் என்று நினைக்கிறேன். அடகுக் கடையில் இரண்டு ரூபாய் வட்டி. ஒரு மாதக் குஞ்சு 110 ரூபாய், கூண்டும் ஷெட்டும் 34,000, மீதி தீவனத்துக்கு. மகன் கோழியே வேண்டாம் என்கிறான். செத்த கோழியை நினைத்து நான் அழுதது அவனுக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: சகோதரி, முதலில் ஒன்று. வளர்த்த உயிர் எட்டு ஒரே வாரத்தில் போனால் அழுகை வரத்தான் செய்யும். தண்டையார்பேட்டையில் என் அம்மா கோழி வளர்த்தார். ஒரு மழை ராத்திரி, கம்பி வலையின் ஓட்டை பெரிதாக இருந்ததால் பெருச்சாளி புகுந்து ஆறு குஞ்சுகளைக் கொண்டுபோய்விட்டது. விடியற்காலையில் தாய்க்கோழி ஈர மண்ணைக் கிளறிக் கிளறிக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தது. அம்மா அன்று மதியம் வரை சாப்பிடவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால்தான் உங்கள் கேள்வியில் 'விட்டதைப் பிடிக்க' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கவலை வந்தது. ஏலச்சீட்டில் விட்டவர்களும் பங்குச்சந்தையில் விட்டவர்களும் இதே சொல்லோடுதான் என்னிடம் வருகிறார்கள். போன பணத்துக்கும் புதிதாகப் போடப்போகும் பணத்துக்கும் சம்பந்தமே இல்லை. எட்டுக் கோழியைத் தலைக்கு 500 ரூபாய் என்று வைத்தால் உங்கள் நஷ்டம் 4,000 ரூபாய். 4,000-ஐப் பிடிக்க 60,000 ரூபாய்க் கடனா? நகையை வைக்காதீர்கள். இதுதான் என் பதில். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

இரண்டு ரூபாய் வட்டி என்றால் மாதம் 1,200, வருஷத்துக்கு 14,400. ஒரு மாதக் குஞ்சு முட்டைக்கு வர இன்னும் ஐந்து மாதமாவது ஆகும். நாட்டுக்கோழி அவசரப்படாது. அந்த ஐந்து மாதத்துக்கு வட்டி மட்டும் 6,000 ரூபாய். அப்புறம் தீவனம். ஒன்பது கோழிக்கு வீட்டுச் சோறும் காய்கறித் தோலும் பாதி வயிற்றை நிரப்பும். நூறு கோழிக்கு அது ஒரு வாய்க்குக்கூடக் காணாது. நாளுக்குச் சராசரி 60 கிராம் என்றால் நூறுக்கும் 6 கிலோ, 150 நாளில் 900 கிலோ. நொய்யும் கம்பும் கலந்து கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 27,000. உங்கள் திட்டத்தில் தீவனத்துக்கு மீதி இருப்பது 15,000. முதல் முட்டையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே, வட்டியோடு சேர்த்து 18,000 ரூபாய் துண்டு விழுகிறது. அந்த நேரத்தில்தான் தண்டல்காரர் வாசலில் வந்து நிற்பார். அந்தப் பக்கம் தலை வைத்துக்கூடப் படுக்காதீர்கள்.

இதெல்லாம் நூறும் பிழைத்தால்தான். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் கோழிக்கழிச்சலைப் போலத் தெரிகின்றன. ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள், டாக்டர்கள் ராணிக்கேட் என்பார்கள். கால்நடை டாக்டர் பார்த்துத்தான் உறுதி சொல்ல வேண்டும். தடுப்பு மருந்து போடாத கூட்டத்தில் அது புகுந்தால் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகக்கூடியது. ஒன்பது மிஞ்சியது உங்கள் அதிர்ஷ்டம்.

யாராவது 'குஞ்சும் நாங்களே தருகிறோம், வளர்ந்ததும் நாங்களே வாங்கிக்கொள்கிறோம், டெபாசிட் மட்டும் கட்டுங்கள்' என்று வந்தாலும் வேண்டாம். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்குப் பணம் கட்டியவர்கள் 2012-இல் பட்ட பாடு தமிழ்நாட்டுக்கே தெரியும்.

சரி, இப்போது இருக்கிற ஒன்பதுக்கு வருவோம். எனக்கு ஆசையான பகுதி இதுதான்.

நாட்டுப்பெட்டை வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை இடும். பண்ணையில் வளர்க்கும் வெள்ளை லேயர் கோழி 300 வரை இடும். அதோடு இதை ஒப்பிட்டு மனசு விட வேண்டாம். உங்கள் ஏழு பெட்டைக்குச் சராசரி 70 என்றால் 490 முட்டை. தெருவில் 12 ரூபாய்க்குப் போனால் 5,880 ரூபாய். வெளியில் வாங்கும் தீவனம் ஒரு கோழிக்கு நாளுக்கு 50 கிராம் என்றால் வருஷத்துக்கு 164 கிலோ, ஏறக்குறைய 4,900 ரூபாய். மிச்சம் ஆயிரத்தைத் தொடாது. அடைக்கு வைத்த முட்டையும் வீட்டில் சாப்பிட்ட முட்டையும் போனால் அதுவும் நிற்காது. ஆடியிலோ தீபாவளிக்கு முன்னாலோ நான்கு சேவல் விற்றால்தான் கையில் ஏதாவது தங்கும்.

அதனால் இதைத் தொழில் என்று நினைக்காதீர்கள். வீட்டுச் செலவில் மாதம் 500 ரூபாய் கோழிக்கு என்று ஒதுக்குங்கள். தீவனம், மருந்து, கம்பி வலை எல்லாம் அதற்குள். முட்டை விற்ற காசு தனி உண்டியலில் சேரட்டும். ஒன்பது கோழிக்கு இன்சூரன்ஸ் எடுக்க யார் வருவார்கள்? அந்த உண்டியல்தான் உங்கள் இன்சூரன்ஸ். அதில் காசு சேர்ந்தால், தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயில் தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். கூட்டம் பெருக வேண்டுமென்றால் அடைக்கோழி மூலமாகவே பெருகட்டும். அதற்கு வட்டி கிடையாது.

அடை வைத்த ஏழாம் நாள் ராத்திரி, விளக்கை அணைத்துவிட்டு முட்டையின் தடித்த பக்கத்தில் செல்போன் டார்ச்சை வைத்துப் பாருங்கள். உயிர் இருந்தால் உள்ளே ஒரு கரும்புள்ளியும், அதைச் சுற்றிச் சிலந்திக் கால் போலச் சிவப்பு நரம்புகளும் தெரியும். வெறும் மஞ்சளாக ஒளி விட்டால் கூமுட்டை, எடுத்துவிடலாம். அந்த நேரத்தில் மகனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் கோபம் கோழி மீது இருக்காது, நீங்கள் அழுததைத் தாங்க முடியாமல்தான் அப்படிப் பேசியிருப்பான் என்று எனக்குத் தோன்றுகிறது. வரவு செலவு நோட்டையும் அவன் கையிலேயே கொடுங்கள்.

மருந்து விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, 28-ஆம் நாள் இன்னொரு முறை, எட்டாவது வாரம் ஊசி. கழிச்சலுக்கு வழக்கமான முறை இது. மருந்துக் குப்பி சின்னதாகக் கிடைப்பது அரிது, நூறு கோழிக்கு ஆகிற அளவில்தான் பெரும்பாலும் வரும். கலக்கிவிட்டால் ஓரிரு மணி நேரத்தில் போட்டு முடிக்க வேண்டும். அதனால் தெருவில் கோழி வைத்திருப்பவர்களை ஒரே நாளில் கூட்டிக்கொள்ளுங்கள், தலைக்குச் சில ரூபாயில் முடிந்துவிடும். கால்நடைப் பராமரிப்புத் துறையின் இலவச முகாம் எப்போது என்றும் கேட்டு வையுங்கள். மாதவரம் பால்பண்ணை உங்களுக்குப் பக்கம்தான். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் கோழியின ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான் இருக்கின்றன. சந்தையில் கண்ட சேவலை வாங்குவதற்குப் பதில் அங்கே போய்க் கேளுங்கள். எங்கே வாங்கினாலும் புதுக்கோழியை இரண்டு வாரம் தனியாக, தனித் தண்ணீர்ச் சட்டியோடு வையுங்கள். இந்த ஒன்றைச் செய்திருந்தால் தை மாதத்து நஷ்டம் பெரும்பாலும் அந்த இரண்டு சேவலோடு நின்றிருக்கும்.

செத்ததைக் கால்வாயில் வீசாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். குப்பைமேட்டுப் பக்கம் கோழியை மேய விடாதீர்கள். பழைய பேட்டரியும் எண்ணெயும் கிடக்கிற மண்ணைக் கொத்தினால் அது முட்டைக்குள் வரும், உங்கள் பிள்ளைதான் சாப்பிடுவான்.

அடை வைத்த தேதியை நீங்கள் எழுதவில்லை. அதிலிருந்து 21-ஆம் நாள் குஞ்சு பொரியும், அதற்கடுத்த ஏழாம் நாள் முதல் சொட்டு. இரண்டு தேதியையும் இன்றே காலண்டரில் குறித்துவிட்டு, சங்கிலியைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு மாதவரம் போய் மருந்துக்குச் சொல்லி வையுங்கள்.