யார் வழியில் வந்தது?

அன்புள்ள ஐயா,

என் தங்கை மகனுக்கு இரண்டு வயது. கொஞ்ச நேரம் வெயிலில் இருந்தாலே முகம் சிவந்து கொப்பளிக்கிறது, ஆறுவதற்குப் பல நாளாகிறது. மூக்கிலும் கன்னத்திலும் புள்ளி புள்ளியாகக் கருத்துவிட்டது. ஜெரோடெர்மா பிக்மென்டோசம் என்றார் மருத்துவர். டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுவில் கோளாறாம். இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் இது இருந்ததில்லை. "உங்கள் வழியில்தான் வந்தது" என்று இரு வீட்டாரும் மாறி மாறிப் பேசுவதில் தங்கை உடைந்துபோயிருக்கிறாள். யார் வழியில் வந்திருக்கும்? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டு பேர் வழியிலும்தான். இந்த மரபணுக்கள் ஒவ்வொன்றும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் உங்கள் தங்கையும் மாப்பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். பழுதான பிரதிகள் இரண்டும் ஒரே பிள்ளையிடம் வந்து சேர்ந்தால்தான் நோய். தலைமுறை தலைமுறையாக ஒளிந்தே வரக்கூடியது இது. இரு வீட்டாரையும் ஒன்றாக உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள், ஒருவரை விட்டு ஒருவரிடம் சொல்லாதீர்கள்.

வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால், டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின்கள் (டி.என்.ஏ.வின் வேதி 'எழுத்துகளில்' ஒன்று) ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் இழை கோணிப்போகும். வெயிலில் நடக்கும் எல்லோருக்கும் இது நடக்கிறது. நம் செல் அந்தக் கோணலைக் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் வெட்டி, சுமார் 30 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டை எடுத்துவிட்டு, ஜோடியாக இருக்கும் எதிர் இழையைப் பார்த்து மறுபடி எழுதிவிடும். உங்கள் தங்கை மகனின் செல்லில் இந்த வேலை நடப்பதில்லை, அல்லது சரியாக நடப்பதில்லை. வியன்னாவில் தோல் மருத்துவர் மோரிட்ஸ் கபோசி இந்த நோயை விவரித்தது 1870களில். காரணம் இதுதான் என்று ஆய்வாளர் ஜேம்ஸ் கிளீவர் காட்டியது 1968-இல்.

எக்ஸ்பிஏ முதல் எக்ஸ்பிஜி வரை ஏழு மரபணுக்கள், கூடவே இன்னொன்று, இவற்றில் எது கெட்டாலும் இந்த நோய் வரும். ஆனால் எது கெட்டது என்பதைப் பொறுத்து நோயின் போக்கு மாறும். சிலருக்குத் தோலும் கண்ணும் மட்டும், சிலருக்கு நரம்பும் காதும் சேர்ந்து பாதிக்கப்படும். எக்ஸ்பிடியில் வேறோர் இடத்தில் மாற்றம் வந்தால், முடி ஒடிந்து விழும் இன்னொரு நோயே வருகிறது. அதனால் எந்த மரபணு, எந்த மாற்றம் என்று அறிக்கையில் எழுதி வாங்குங்கள். தங்கை அடுத்த குழந்தைக்கு யோசித்தால், ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அந்த அறிக்கை இருந்தால் கருவிலேயே சோதிக்கலாம்.

சரி, இப்போதைக்குச் செய்ய வேண்டியது கதிர் படாமல் காப்பது. ஜன்னல் கண்ணாடி போதாது, புற ஊதாவில் ஒரு பகுதி அதைத் தாண்டி வரும். தடுப்புப் படலம் ஒட்டுங்கள். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தொப்பி, வெளியே போகும்போது சன்ஸ்கிரீன். வெயிலே படாததால் வைட்டமின் டி குறையும், மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள். குளிப்பாட்டும்போது புதிதாக மருவோ ஆறாத புண்ணோ தெரிந்தால் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குத் தோல் புற்று மிகச் சின்ன வயதிலேயே வரக்கூடும், ஆரம்பத்திலேயே பார்த்தால் வெட்டி எடுத்துவிடலாம்.

பொழுது சாய்ந்த பிறகு அவனை வெளியே விளையாட விடுங்கள். அறிக்கை வந்ததும் எந்த மரபணு என்று எனக்கு எழுதுங்கள்.