பூந்தொட்டி மண்ணில் தாடையை விரித்தபடி அசையாமல் நிற்கும் மிகச் சிறிய மஞ்சள் எறும்பு எது? அதை வளர்க்க முடியுமா?

நீளம் 2 மி.மீ.க்கும் குறைவு, வரிசை கட்டிப் போகாது, சர்க்கரையைச் சீண்டாது, தொட்டால் செத்ததுபோல் கிடக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். இது ஸ்ட்ரூமிஜெனிஸ் பேரினம். உலகெங்கும் 800க்கு மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. தொட்டி மண் என்பதால் முதலில் சரிபார்க்க வேண்டியது ஸ்ட்ரூமிஜெனிஸ் எம்மே. 1890இல் இத்தாலியப் பூச்சியியலாளர் எமெரி விவரித்த இனம் இது. மண்ணோடும் செடியோடும் பயணம் செய்து புளோரிடா, கரீபியன் தீவுகள், ஹவாய் எனப் பல வெப்பப் பகுதிகளில் குடியேறிவிட்டது. இந்தியாவிலும் பதிவாகியிருக்கிறது.

10 மடங்கு கைலென்ஸில் பின்பக்கம் அகன்ற இதய வடிவத் தலையும், இடுப்புக் கணுவைச் சுற்றிக் கடற்பஞ்சு போன்ற திசுவும் தெரிந்தால் பேரினம் உறுதி. இனத்தைச் சொல்ல 40 மடங்காவது வேண்டும். எம்மேயின் உணர்கொம்பில் 4 கணுக்கள்தான். இதேபோல் ஊர் சுற்றும் இன்னொரு இனமான ஸ்ட்ரூமிஜெனிஸ் ரோஜெரிக்கு 6. தாடை நீளமாக இல்லாமல் குட்டையாக, முக்கோணமாக இருந்தால் அது இதே பேரினத்தின் மெம்ப்ரனிஃபெரா இனமாக இருக்கலாம்.

அந்த விரிந்த தாடை ஒரு பொறி. தாடையை மூடும் பெரிய தசை முன்கூட்டியே இறுகிவிடும். ஆனால் மேலுதடு நடுவில் முட்டுக்கொடுத்து நிற்பதால் தாடை மூடாது. மேலுதட்டிலிருந்து முன்னே நீளும் மெல்லிய முடிகள் இரையைத் தொட்டதும் முட்டு விலகும், தாடை படாரென்று மூடும். நாணை இழுத்து வைத்து விடுவது போலத்தான், சேர்த்து வைத்த விசை ஒரே கணத்தில் வெளிப்படுகிறது. இவ்வளவு வேகம் எதற்கு? இதன் முக்கிய இரை ஸ்பிரிங்டெயில். வயிற்றுக்கடியில் மடக்கி வைத்த கவட்டையைத் தட்டி ஒரு நொடிக்குள் காணாமல் போய்விடும் பூச்சி அது. துரத்திப் பிடிப்பது நடக்காத காரியம். ஆகவே எறும்பு மிக மெதுவாக நெருங்கி, முடி படும் தூரம் வரை காத்திருந்து கவ்வும். கவ்வியதைத் தூக்கிக்கொண்டு கொட்டும்.

கூட்டைத் தேட மண்ணைக் கையால் கிளறாதீர்கள். கிளறினால் எல்லாம் அசையாமல் கிடக்கும், மண்துகளோடு மண்துகளாகத்தான் தெரியும். ஈரமான சருகையும் மேல் 2–3 செ.மீ. மண்ணையும் 1 செ.மீ. கண் சல்லடையில் சலித்து, வெள்ளைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, 10 நிமிடமாவது தொடாமல் பாருங்கள். ஒவ்வொன்றாக நகரத் தொடங்கும். ஈரம் தொட்ட 000 எண் தூரிகையால் எடுங்கள், இடுக்கி நசுக்கிவிடும். ராணியும் எறும்புக் குஞ்சுகளான புழுக்களும் பெரும்பாலும் மக்கிய குச்சியின் பொந்திலோ வேர் இடுக்கிலோ இருக்கும். கூடு சிறியது, அதனால் ஒரு கைப்பிடியைக் கவனிக்காமல் விட்டாலும் ராணியைத் தவறவிடுவீர்கள்.

வளர்ப்பதில் பாதி வேலை எறும்பு வருமுன்பே முடிய வேண்டும். ஒரு லிட்டர் டப்பாவில் விறகுக்கரித் துண்டுகளைப் பாதி நிரப்பி, அடியில் 1 செ.மீ. தண்ணீர் விட்டு, ஸ்பிரிங்டெயில்களை இட்டு, வாரம் ஒரு சிட்டிகை ஈஸ்ட் தூவுங்கள். பசை சேர்த்து அச்சில் அழுத்திய கரிக்கட்டி வேண்டாம். நன்றாகப் பெருக ஒரு மாதம் விடுங்கள். எளிதில் கிடைக்கும் வெள்ளை ஸ்பிரிங்டெயிலான ஃபோல்சோமியா கேண்டிடா முழு வளர்ச்சியில் எறும்பைவிடப் பெரிதாகலாம். அதன் குஞ்சுகளை மட்டும் கொடுங்கள்.

கூட்டுக்குப் பத்துப் பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஒரு பங்கு கரித்தூள் கலந்து சிறு டப்பாவில் 1 செ.மீ. ஊற்றுங்கள். கரி கலந்தால் கருந்தரையில் மஞ்சள் எறும்பு பளிச்சென்று தெரியும், இல்லாவிட்டால் கண் வலிக்கும். இறுகும் முன் 3 மி.மீ. ஆழத்தில் ஒரு குழி அமுக்கி, காய்ந்தபின் அதன் மேல் கண்ணாடித் துண்டு வையுங்கள். தரை குடித்து முடிக்கும் அளவே தண்ணீர். மேலே பளபளத்தால் அதிகம். மூடியில் காற்றுத் துளை போடாதீர்கள், அதன் வழியே எறும்பு போய்விடும். தினம் ஒரு நிமிடம் திறந்தால் போதும். முப்பது எறும்புகளுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 20 ஸ்பிரிங்டெயில் கொடுத்துப் பார்த்து, மிஞ்சினால் குறையுங்கள்.

பெரும்பாலும் கூடு அழிவது பசியால் அல்ல, வறட்சியால். ஒருநாள் தரை வெளுத்துக் காய்ந்தாலே புழுக்கள் சுருங்கிவிடும். அடுத்த காரணம் பூஞ்சை. அதற்கு மருந்து தேட வேண்டாம், உயிரோடு மிஞ்சும் ஸ்பிரிங்டெயில்களே அதைத் தின்றுவிடும். ஈஸ்ட்டை மட்டும் எறும்புக் கூட்டில் போடாதீர்கள். இன்னொன்று, டப்பாவை அடிக்கடி எடுத்து ஆட்டினால் வேட்டை நின்றுவிடும், அவ்வளவும் பொறுமையை நம்பிய வேட்டை.

வளர்க்க விருப்பமில்லையென்றால் தொட்டியிலேயே விட்டுவிடலாம், செடிக்குக் கேடில்லை. எறும்புப் பொடி தூவாதீர்கள். இனத்தை உறுதிசெய்ய வேண்டுமானால் இரண்டு மூன்றை 95% ஆல்கஹாலில் போட்டு, தேதி, ஊர் இவற்றோடு செடி எங்கிருந்து வந்தது என்பதையும் பென்சிலால் எழுதி உள்ளேயே வையுங்கள். மையால் எழுதினால் ஆல்கஹாலில் கரைந்துவிடும்.