கல்லு விரிசல் விடுது, மேஸ்திரி பேச மாட்டேங்கிறார்

தம்பி, உங்க ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில ஒரு மாசமா கல்லுல விரிசல், நீங்க எல்லார் முன்னாடியும் சத்தம் போட்டதுல 20 வருஷ மேஸ்திரி முகங்குடுத்தே பேசறதில்லைன்னு எழுதியிருக்கீங்க. சத்தம் போட்டா சாக்குதான் வரும், உண்மையான காரணம் வராது.

இது சூளையில வேகிற கல் இல்லையே. கண்ணாடி மேல சாயம் ஊத்தி, சிமென்ட்டும் மணலும் போட்டு, தண்ணித் தொட்டியில ஊறித்தான் இறுகுது. அதனால மணல் மாறுச்சா, எந்தத் தேதி வார்த்தது, எத்தனை நாள் ஊறுச்சுன்னு நோட்டுல குறிச்சுப் பாருங்க. என் பட்டறையில நான் அப்படிப் பாத்தப்ப மாட்டினது மேஸ்திரி இல்லை. கல்யாண வீட்டு அவசர ஆர்டருக்குத் தொட்டியிலேர்ந்து சீக்கிரம் எடுக்கச் சொன்ன நான்தான்!

முதல்ல தனியா ஒரு டீ வாங்கிக் குடுத்து, "அண்ணே, அன்னிக்கு நான் கத்துனது தப்பு. எங்க கோளாறுன்னு உங்களுக்கு என்ன தோணுது?"ன்னு கேளுங்க. நோட்டை அப்புறமா எடுங்க.